ஆருடைய ஆள்?

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மைதானத்தில் வெளியூர் நடுவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் மாமி கேட்டுவிடுவார்.

"இவர் ஆருடைய ஆள்?"

கேள்வி நடுவரிடம் இல்லை. பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரிடம். தெரியாது என்று சொன்னவருக்கு அன்றைக்கு மாமியின் குடை நிழலில் இடமில்லை. மாமிக்கென்று ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை இருந்தது. வீட்டிலிருந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார். புள்ளி எழுதும் மேசைக்குச் சற்றுப் பின்னால் அதைப் போட்டு, கறுப்புக் குடையை விரித்தால் ஆட்டம் தொடங்கலாம் என்று அர்த்தம். அவர் வருவதற்கு முன்பு தொடங்கிய ஆட்டங்களும் உண்டு. அவற்றை அவர் ஆட்டமாகச் சேர்த்துக்கொண்டதில்லை.

என் அப்பாவின் தங்கை அவர். கூடைப்பந்தை ஒருநாளும் கையால் தொட்டவர் இல்லை. பந்து வளையத்துக்குள் விழுந்தால் இரண்டு, தூரத்திலிருந்து விழுந்தால் மூன்று என்பதற்கு மேல் விதிமுறை எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவர் பார்க்க வந்தது ஆட்டத்தை அல்ல, விசில் ஊதுகிறவரை. நடுவர் என்ற சொல்லே அவர் வாயில் வராது. எல்லாரும் விசில்காரர்தான்.

"பந்தைப் பார்க்கிறவனுக்கு ஒண்டும் விளங்காது," என்று பெருமையாகச் சொல்வார். "விசில்காரன்ட கண்ணைப் பார்க்கோணும். ஊதுறதுக்கு முந்தி அவன்ட கண் எங்க போகுது எண்டு பார். பந்தில நிண்டால் நல்லவன். சனத்துக்குள்ள போனால் அவன் ஆருக்கோ ஊதுறான்."

இதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருக்கிறேன்.

நீர்கொழும்பிலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் கரையில் உள்ள கத்தோலிக்கர் இரண்டு பேரை நிறுத்தி அரை மணித்தியாலம் கதைக்கவிட்டால் அவர்கள் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள். பெண் எடுத்தது, கொடுத்தது, ஒரே வள்ளத்தில் போனது, பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றது என்று ஏதாவது ஒன்று அகப்படும். அதனால் மாமியின் விசாரணை ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. முதல் கால் பகுதி முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"மாரவிலையில கட்டினவர். அவற்ற மனிசியின்ட தமக்கைக்கு ஞானத்தாய் ஆர் எண்டு நினைக்கிறீங்க? அந்தா, அவையின்ட கப்டன் பிள்ளையின்ட பெரியம்மா!"

அந்தக் கணக்குப்படி பார்த்தால் அதே நடுவர் எங்களுக்கும் ஏதோ ஒரு வழியில் மைத்துனர் முறை ஆவார். அந்த வழியை மாமி சொல்லமாட்டார். நாங்கள் தோற்றால் நடுவர் அவர்களுடைய ஆள். வென்றால், நடுவர் அவர்களுடைய ஆளாக இருந்தும் வென்றோம்.

தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் கொடி ஏறுவதற்கு முந்திய ஞாயிறுகளில் பங்குகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி நடக்கும். தோற்றால் அன்றோடு வெளியே. நாட்டில் சண்டை நடந்த காலத்தில் போட்டி நின்றுபோயிருந்தது. சண்டை முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் நேரம் காலம் கேட்கிற தொல்லை ஒழிந்து, கண்டக்குழிப் பக்கம் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரத் தொடங்கிய நாட்களில் போட்டியும் திரும்ப வந்தது. மண் தரை சீமெந்துத் தரை ஆனது. மேசையில் பரிசுக் கேடயத்துக்குப் பக்கத்தில் ஒரு முழ உயர அன்னம்மாள் சுரூபம் வைப்பார்கள். அவருக்கு முன்னால் யாரும் களவு செய்யமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. மாமிக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"அன்னம்மா என்ன செய்வா, பாவம். அவவுக்குப் பின்பக்கம் கண்ணில்லை."

மாமி நம்பிய ஒரே மனிதர் மேசையில் இருந்து புள்ளி எழுதியவர்; முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் எல்லாரும் அவரை நானா என்போம். கற்பிட்டியிலிருந்து வருகிற முஸ்லிம் மனிதர். மீன் ஏற்றும் லொறிக்கு ஐஸ் கொண்டுவந்தவர், ஆட்டம் பார்த்துப் பழகி, பின்பு எழுதவும் பழகிவிட்டார். எந்தப் பிள்ளைக்கும் ஞானத்தகப்பனாக நிற்க முடியாதவர் என்பதால் அவர் யாருடைய ஆளும் இல்லை என்று மாமி தீர்மானித்திருந்தார். நானாவுக்கு அது பெரிய சங்கடம்.

"ஒங்கட மாமி எனக்கு நல்லவன் எண்டு பட்டம் தந்திட்டா தம்பி," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "இனி எனக்கு ஒரு புள்ளிய மாத்தி எழுதவும் பயம். பிழையா எழுதினத திருத்தவும் பயம்."

ஒரு வருடம் களப்புக்கரைப் பங்கோடு ஆட்டம். அவர்கள் கடலோர உப்பு ஏரியான களப்பில் இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள், நாங்கள் பெருங்கடல்காரர். வந்த நடுவர் எங்கோ தெற்கே இருந்து வந்த சிங்கள மனிதர். மாமிக்கு நூல் அகப்படவில்லை. முகம் வாடிப்போய் இருந்தார். இடைவேளையில் எழுந்து போய் அந்த மனிதரின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து, சிங்களத்தில் நலம் விசாரித்து, அவர் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் கேட்டார். எங்களுக்கு ஆச்சரியம். திரும்பி வந்து கதிரையில் இருந்து, தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இறால். களப்பு இறால். சோப்புப் போட்டும் போகேல்ல. எங்கட கரையில இந்தக் கிழமை சூடை மீனைத் தவிர ஒண்டும் படேல்ல. இவர் அவையின்ட வீட்டில சாப்பிட்டுட்டு வந்திருக்கிறார்!"

உண்மைதான். வழியில் களப்புக்கரையில் அவருக்குப் பகல் சாப்பாடு கொடுத்திருந்தார்கள். அதை அவர்களே பின்னர் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மனிதர் அன்றைக்கு ஒரு பிழையும் ஊதவில்லை. இதை நான் நடுவர் பயிற்சி பெற்ற பிறகு, அந்த ஆட்டத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அறிந்தேன். அன்று மைதானம் முழுக்க "இறால்! இறால்!" என்று கத்தியது. அவர் எதற்காகக் கத்துகிறார்கள் என்று விளங்காமல் பந்தை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அவர் வரவில்லை.

இந்தக் கேள்வி மாமிக்கு மைதானத்தில் பிறந்தது இல்லை. சண்டைக் காலத்தில் ஒருநாள் கரையில் மூன்று ஆண்களை இராணுவத்தினர் விசாரணைக்கென்று முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவருக்கு ஒரு பெரிய மனிதரைத் தெரியும். மற்றவருடைய தம்பி ஒரு பெரிய இடத்தில் சாரதி. இரண்டு பேரும் பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் மாமா. மாமாவுக்கு மாமியை விட்டால் ஒருவருமில்லை. ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் மாமியிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: யாரைத் தெரியும்? மாமா என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. மாமா திரும்பி வந்தார்; ஆனால் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை, அதிகம் கதைக்கவும் இல்லை, சில வருடங்களில் போய்ச் சேர்ந்தார். இதை மாமி ஒருநாளும் அழுது சொன்னதில்லை. ஆனால் வீட்டுத் திட்டப் பட்டியல் ஒட்டினாலும், பங்குக்குப் புதுச் சாமியார் வந்தாலும், கிளினிக்கில் நம்பரை முந்திக்கொண்டு ஒருத்தி உள்ளே போனாலும் அதே கேள்விதான் வரும்.

முகாம் வாசலில் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. மைதானத்தில் கேட்கலாம். விசில்காரர் ஒருவர்தான் மாமிக்குக் கைக்கெட்டிய அதிகாரி.

நான் சிலாபத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிறுகளில் போய் நடுவர் பயிற்சி எடுத்தேன். சோதனையில் தேறி, கழுத்தில் விசிலோடு வீட்டுக்கு வந்த அன்று மாமி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"ஐயோ, எங்கட குடும்பத்திலயும் ஒரு விசில்காரனோ! இனி உன்னையும் நான் விசாரிக்கோணுமே."

"விசாரியுங்கோ மாமி. நான் ஆருடைய ஆளும் இல்லை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது," என்று சிரித்துவிட்டு, எனக்குப் பாணும் மீன் குழம்பும் வைத்தார். பிறகு ஊரெல்லாம் போய், தன் அண்ணன் மகன்தான் இந்தக் கரையிலேயே நேர்மையான விசில்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அப்போது ஒரு ஆட்டம்கூட ஊதியிருக்கவில்லை.

மாமியின் ஒரே மகள் டிலானி எங்கள் பெண்கள் அணியில் ஆடினாள். உயரமான பிள்ளை. மாமாவின் உயரம். தடுப்பதில் கெட்டிக்காரி. எதிரிப் பிள்ளை பந்தோடு எழும்பும்போது இவளும் நேராக எழும்பி, உள்ளங்கையால் பந்தை மட்டும் அறைந்து வெளியே அனுப்புவாள். அந்தச் சத்தம் தனியானது, தோல் மேளத்தில் ஒரு தட்டு மாதிரி. கையில் பட்டால் அந்தச் சத்தம் வராது.

அந்த வருடம் எங்கள் பெண்கள் அரையிறுதிக்கு வந்திருந்தார்கள். எதிரே களப்புக்கரை. அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி அணியின் பயிற்சியாளர் வருவதாக அறிவித்திருந்தார்கள். நல்லாக ஆடும் பிள்ளைகளுக்குக் கம்பெனியில் வேலையும் தங்க இடமும் கொடுத்து அணியில் சேர்ப்பார்களாம். அவர் இறுதியாட்டத்துக்கு மட்டும்தான் வருவார். அரையிறுதியில் தோற்றால் டிலானியை அவர் பார்க்கமாட்டார். அவளுக்கு வேறு வழி ஒன்று தயாராக இருந்தது; ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்த வழி. குவைத்துக்கு வீட்டு வேலை. ஏஜென்சிக்காரர் கடவுச்சீட்டுக்குப் படம்கூட எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"கம்பெனிக்காரர் ஒருக்கால் பார்த்தால் காணும்," என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். "ஆருடைய ஆள் எண்டு கேளாமல் அவள்ட ஆட்டத்தைப் பார்த்து வேலை குடுக்கிற ஒரு மனிசன். இருக்கட்டும், ஒருத்தராவது இருக்கட்டும்."

அரையிறுதியன்று இரண்டு நடுவர்களில் ஒருவர் வரவில்லை. காய்ச்சல் என்று போன் வந்தது. வந்தவர் நீர்கொழும்பைச் சேர்ந்த மூத்த நடுவர். தனியே ஊத ஏலாது என்றார். மைதானத்தில் பயிற்சி பெற்ற வேறு ஆள் நான் ஒருவன்தான். களப்புக்கரைப் பங்கின் இளைஞர் தலைவர் மேசைக்கு ஓடிவந்தார்.

"இவரோ? இவர் அந்தக் குடைக்கார அம்மாவின்ட மருமகன்! அவவின்ட மகள் ஆடுறா! இதென்ன பகிடியோ?"

அவர் சொன்னது முழு நியாயம். நான் விலகியிருக்க வேண்டும். ஆட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று மூத்த நடுவரும் சொன்னார். ஒத்திவைத்தால் இறுதியாட்டம் கொடியேற்றத்தைத் தாண்டிப் போகும், கம்பெனிக்காரர் வரமாட்டார். அப்போதுதான் மாமி குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"அவனுக்கு நான் பொறுப்பு," என்றார்.

களப்புக்கரைச் சனம் கொல்லென்று சிரித்தது. ஆயுளில் எந்த விசில்காரனையும் நம்பாத மனுஷி ஒரு விசில்காரனுக்குப் பொறுப்பு நிற்கிறார்!

"சரி அம்மா," என்றார் இளைஞர் தலைவர். "நாங்க ஒத்துக்கொள்ளுறம். ஆனா ஒரு நிபந்தனை. நீங்க வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல். ஒரே ஒரு சொல் உங்கட வாயால வந்தாலும் ஆட்டம் எங்களுக்கு."

நானா எழுதும் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "அக்கா, ஏலாத காரியத்துக்குச் சம்மதிக்காதீங்க," என்றார்.

மாமி மேசைக்குப் போனார். அன்னம்மாள் சுரூபத்தின் பாதத்தில் கையை வைத்தார்.

"அன்னம்மா மேல சத்தியம். கடைசி விசில் மட்டும் நான் வாய் திறக்கமாட்டன்."

இந்தக் கரையில் அதற்கு மேல் ஒரு பத்திரம் இல்லை. எங்கள் ஆட்கள் அன்னம்மாள் மேல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டுக் கடலுக்குப் போகமாட்டார்கள். இளைஞர் தலைவர் தன் அணியிடம் திரும்பிப் போனார்.

ஆட்டம் தொடங்கியது. என் முதல் விசிலுக்கே களப்புக்கரைப் பக்கம், "மாமிக்கு ஊது! மாமிக்கு ஊது!" என்று பாடத் தொடங்கிவிட்டது. நான் எங்கள் பிள்ளைகளுக்குச் சாதகமாக ஒரு முடிவு கொடுத்தால் சத்தம் இரட்டிப்பாகும். இடைவேளையில் மூத்த நடுவர் என் தோளில் கை வைத்து, சிங்களத்தில் தம்பி என்று அழைத்து, "மல்லி, சொந்த ஊர் எண்டால் ரெண்டு மடங்கு கவனம்," என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். என் முதல் ஆட்டம். இன்றைக்கு நான் மாமியின் ஆள் என்று பெயர் எடுத்தால் இனி எந்தப் பங்கும் என்னைக் கூப்பிடாது. எனக்குள் ஒரு கோழை உட்கார்ந்து அதை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தான்.

மாமி ஒரு சொல் பேசவில்லை. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் மாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடையை விரிக்கவும் இல்லை. வெயிலில் இருந்து, மடக்கிய குடையின் கைப்பிடியை உதட்டில் அழுத்திப் பிடித்திருந்தார். டிலானிக்கு நான்கு பவுல், அதாவது எதிராளைத் தொட்டு ஆடிய பிழை, ஆகியிருந்தது. அதில் இரண்டு நான் ஊதியவை. அவை சரியானவை என்று இன்றும் சொல்வேன். ஐந்து வந்தால் அவள் வெளியே.

கடைசி நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். களப்புக்கரைப் பிள்ளை ஒருத்தி பந்தோடு வளையத்துக்குக் கீழே புகுந்து எழும்பினாள். டிலானியும் எழும்பினாள். நேராக. எனக்குக் கேட்டது, அந்தத் தோல் மேளச் சத்தம். பந்து கோட்டுக்கு வெளியே பறந்தது. எழும்பிய பிள்ளை கால் இடறிச் சீமெந்தில் விழுந்தாள். களப்புக்கரைச் சனம் முழுவதும் எழுந்து நின்றது. விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. ஊதாமல் விடுவதுதான் சரி. ஊதாமல் விட்டால் நான் யாருடைய ஆள் என்று நூறு வாய்கள் சொல்லும். ஊதினால் சொல்ல இருப்பது ஒரே வாய். அந்த வாய் குடைக் கைப்பிடியில் அழுந்தி மூடியிருந்தது.

ஊதினேன். ஐந்து விரலையும் விரித்து மேசைக்குக் காட்டினேன்.

மைதானம் முழுவதும் மாமியைப் பார்த்தது. அவர் வாய் திறந்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே அவர்களுக்கு. திறக்கவில்லை. டிலானி கையை உயர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து வெளியே போனாள். விழுந்த பிள்ளை பவுலுக்குக் கிடைத்த இரண்டு எறிகளையும் வளையத்துக்குள் போட்டாள். மிச்சமிருந்த ஒன்பது செக்கனில் எங்கள் பிள்ளைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூத்த நடுவர் கடைசி விசிலை ஊதினார்.

சத்தியம் முடிந்துவிட்டது. இனி மாமி கத்தலாம். எங்கள் சனம் அதற்காகவே காத்து நின்றது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு என்னை அடித்தும் இருப்பார்கள். மாமி எழுந்தார். மேசைக்குப் போனார்.

"நானா, தாளில அஞ்சு போட்டாச்சா?"

"போட்டாச்சு அக்கா," என்றார் நானா. அவர் மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"அப்ப சரி."

நீலக் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்.

டிலானி என்னிடம் வந்தாள். அழுது முடித்திருந்தாள். "அத்தான், உண்மையா என்ட கை பட்டதோ? எனக்குப் பந்து மட்டும்தான் பட்ட மாதிரி இருந்திச்சு."

"கொஞ்சம் பட்டது," என்றேன்.

அவள் தலையாட்டினாள். தன் தோழிகளிடம் போய், "நான்தான் அவசரப்பட்டிட்டன், மன்னியுங்கோ," என்று ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

களப்புக்கரை ஆட்கள் என்னை விடவில்லை. தோளில் கை போட்டு, சொந்த மச்சாளுக்கே ஐந்தாவது பவுல் ஊதிய மனிசன் என்று தங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு தந்தார்கள். களப்பு இறால் குழம்பு. மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்ல ஆசை. நல்ல பசி, நன்றாகவே சாப்பிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் கோயில் பைப்படியில் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

அந்த ஒரு விசில் என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. நீர்கொழும்பில் ஊதினேன், கொழும்பில் ஊதினேன். பிரச்சினையான ஆட்டம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறிமுகம் செய்யும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். எந்தப் பங்கிலும் யாரும் என்னைப் பார்த்து, இவர் ஆருடைய ஆள் என்று கேட்டதில்லை. கேட்கத் தெரிந்த ஒரே மனுஷி அதற்குப் பிறகு மைதானப் பக்கமே வரவில்லை. காரணம் கேட்டவர்களிடம், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாராம்.

டிலானி குவைத்துக்குப் போனாள். முதல் வீட்டில் ஒன்றரை வருடம் ஒருநாளும் வெளியே விடவில்லை என்று அப்பா சொல்லி அறிந்தேன். இரண்டாவது வீடு பரவாயில்லையாம். மாமியைக் கோயிலில் காண்பேன். சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று கேட்பார். எல்லாம் கேட்பார். வழக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

நாலைந்து வருடம் கழித்துத் தலவிலத் திருநாளில் மாமியைத் தேடிப் போனேன். மரங்களுக்குக் கீழே ஓலைக் குடிலாக வாடி போட்டு, எங்கள் ஊர்ச் சனம் கிழமைக்கணக்காகத் தங்கியிருந்தது. மாமி அடுப்படியில் இருந்தார். என்னைக் கண்டதும் தட்டில் சோறு போட்டுத் தந்தார். பக்கத்து வாடியில் சிலாபத்துப் பெண் ஒருத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு, பாவசங்கீர்த்தனக் கூட்டில் சொல்ல வேண்டியதை அடுப்படியில் சொன்னேன்.

"மாமி, அண்டைக்கு அது பவுல் இல்லை."

மாமி அகப்பையை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்? நீங்க இருந்த இடத்தில இருந்து கை தெரிஞ்சிருக்காது."

"கையை ஆர் பார்த்தது?" என்றார். "ஊதுறதுக்கு முந்தி நீ என்னைப் பார்த்தாய்."

தட்டைக் கீழே வைத்தேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்று இருந்தது. மாமி குழம்பில் உப்புப் பார்த்தார்.

"டிலானிக்குச் சொல்லிப்போடாத. தன்ட கை பட்டதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். அப்பிடியே இருக்கட்டும். தன்ட பிழை எண்டால் அவள் தாங்குவாள்."

பக்கத்து வாடிப் பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஆர் இந்தத் தம்பி? உங்கட முகவெட்டுத் தெரியுது. ஆருடைய ஆள்?"

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கரையில் யாரைக் காட்டினாலும் நாலு தலைமுறைக்கு முறை சொல்லக்கூடியவர்.

"ஆருடைய ஆளும் இல்லை பிள்ளை," என்றார். "இவர் ஒரு விசில்காரர்."